ஓடும் நீரில் கை கழுவத் தெரிந்த குழந்தை

வழவழப்பான தாளில் அச்சடித்து, அட்டையில் ஒரு குழந்தையும் சிரித்துக்கொண்டிருந்தால், உள்ளே என்ன எழுதியிருந்தாலும் நம்பிவிடுகிற வியாதி எனக்கு இருந்தது. இப்போது இல்லை. அது எப்படிக் குணமானது என்பதைத்தான் எழுதப்போகிறேன். நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் நினைத்தால் காது சூடாகிவிடுகிறது, பாதி வெட்கத்தில், பாதி கோபத்தில். (என் வீட்டுக்காரரைக் கேட்டால் முக்கால்வாசி வெட்கம் என்பார். அவர் கணக்கு எப்போதுமே என்னைக் கவிழ்க்கிற கணக்கு.)

இராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில், மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடலை ஒட்டி எங்கள் ஊர். மதுரையில் மழலையர் கல்வியில் ஒரு டிப்ளமா வாங்கிக்கொண்டு, கல்யாணமாகி இங்கே வந்து, வீட்டை ஒட்டியிருந்த காலியிடத்தில் ஒரு விளையாட்டுப் பள்ளி ஆரம்பித்தேன். பெயர் வேண்டாம். 'லிட்டில்' என்று தொடங்கி ஒரு பூவில் முடியும், அதற்கு மேல் கேட்காதீர்கள். எங்கள் தெருப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் நண்டு கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். வெந்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதையைப் பிரித்தெடுக்கிற வேலை. காலையில் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். என் பள்ளி வருவதற்கு முன்னால் அவர்களுடைய பிள்ளைகள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு கம்பெனி வாசல் மணலில் கிடந்தன. ஆகையால் நான் பெரிய கல்வியாளராக இல்லாவிட்டாலும் ஊருக்கு வேண்டியவளாக இருந்தேன்.

அந்தக் காலத்தில் ஒன்றாம் வகுப்புக்குத் தயாரான குழந்தை எது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அ ஆ எழுத வேண்டும், ஏ பி சி டி எழுத வேண்டும், நூறு வரை ஒப்பிக்க வேண்டும், கையைக் கட்டி வாயில் விரல் வைத்து உட்கார வேண்டும். எங்களைக் கூட்டம் போட்டு அழைத்து அப்படித்தான் சொன்னார்கள். நானும் பென்சில் பிடிக்கப் பலமில்லாத விரல்களைப் பிடித்து எழுத வைத்தேன். நான் எதைக் கேட்டாலும் 'எஸ் மிஸ்' என்று ஒரே குரலில் பதில் வரும். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு பெருமை. (பட்டாளத்தைப் பார்வையிடுகிற தளபதி மாதிரி நடப்பேன் என்று வீட்டுக்காரர் இப்போதும் நடந்து காட்டுவார்.)

பிறகு இராமநாதபுரத்தில் இன்னொரு கூட்டம். ஓடாத மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். பள்ளிக்கு ஆயத்தமாவதற்கான புதிய தகுதிநிலைகளாம். இனி குழந்தையை எழுத வைக்கக் கூடாது, சுதந்திரமாக விளையாட விட வேண்டும், குழந்தை தன் முறைக்காகக் காத்திருக்கப் பழக வேண்டும், தன் உணர்ச்சிகளை வெளிப்படுத்த வேண்டும், தானே கை கழுவ வேண்டும் என்று வெளியூரிலிருந்து வந்தவர் ஒருவர் படம் போட்டுக் காட்டினார். அத்தனையும் நியாயம், அதை இன்றைக்கும் சொல்வேன். மூன்று வயதுப் பிள்ளையை எழுத வைப்பது கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமையைச் செய்யச் சொன்னதும் இதே மாதிரி ஒரு கூட்டத்தில் இதே மாதிரி ஒருவர்தானே? அன்றைக்கும் இதே பஜ்ஜியைத்தானே கொடுத்தார்கள்? அந்தக் கேள்வியை எழுந்து நின்று கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகத்தின் வாசனையை முகர்ந்து பார்த்தேன்.

புத்தகத்தின் இரண்டாம் பாதி எங்களைப் போலப் பள்ளி நடத்துகிறவர்களுக்கு. ஆபத்து நேரத்தில் குழந்தையே திறந்து வெளியேறக்கூடிய ஒரு சின்னக் கதவு வேண்டும். குழந்தை கோபப்பட்டால் போய் உட்கார ஓர் அமைதி மூலை வேண்டும். (கோபப்பட்டால் எனக்கு உட்கார எங்கே மூலை என்று அதில் இல்லை.) குழந்தையின் உயரத்தில் குழாய்கள் வேண்டும், அந்தக் குழாய்களில் ஓடும் நீர் வேண்டும். ஓர் அதிகாரி வந்து எல்லாவற்றையும் பார்ப்பார். தேறாவிட்டால் பள்ளிக்கு அனுமதி புதுப்பிக்கப்படாது. அனுமதி இல்லாமல் போனால் பள்ளியை மூட வேண்டியதுதான், பிள்ளைகள் மறுபடி நண்டு கம்பெனி வாசலுக்குப் போக வேண்டியதுதான்.

முதலில் தாய்மார்களிடம் விஷயத்தைச் சொன்னேன். கனிஷ்கா என்று ஒரு நாலு வயதுக்காரி, வகுப்புக்கே தலைவி. அவளுடைய அம்மா செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"விளையாடத்தேன் அங்கன கடக்கரை கெடக்குல்ல மிஸ்ஸு. அதுக்கு எதுக்கு ஒங்ககிட்டக் கொண்டாந்து விடணும்?"

பதில் சொல்லப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் கடற்கரை பற்றி ஒன்றும் இல்லை.

விளையாட வைப்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். பெஞ்சுகளை நகர்த்தி, பொம்மைகளையும் மரக்கட்டைகளையும் நடுவில் கொட்டி, "எல்லாரும் சுதந்திரமா விளையாடுங்க" என்றேன். 'எஸ் மிஸ்' என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வருடம் நான் பட்ட பாட்டின் பலன். கெஞ்சினேன். கொஞ்சினேன். கடைசியில் சுதந்திர விளையாட்டுக்கு ஒத்திகை வைத்தேன். நீ பொம்மைக்குச் சோறு ஊட்டு, நீ கட்டையை அடுக்கு, நீ அதைத் தட்டிவிடு, நீ சந்தோஷமாகச் சிரி. சிரிக்கிற வேலை கிடைத்த பையன் மட்டும் பாவம், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து நான் தலையாட்டினதும் சிரிப்பான், மறுபடி தலையாட்டினால் நிறுத்துவான்.

சின்னக் கதவு விஷயம் நன்றாகவே நடந்தது. பின்சுவரில் ஒரு கதவு வைத்து, விசில் ஊதினால் வரிசையாக அதன் வழியே வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்கப் பழக்கினோம். பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் பிடித்திருந்தது.

மிச்சம் இருந்தது குழாய். என் வீட்டுக்காரர் படகு இன்ஜின் மெக்கானிக். இரண்டு நாளில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, அதன் மேலே என் முழங்கால் உயரத்துக்கு நாலு குழாய் வைத்து, மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை ஏற்றிக் குழாயும் இழுத்துவிட்டார். எல்லாம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "டீச்சர், இதுல ஓடுறதுக்கு நீர் எங்கன இருந்து வருது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் நிலத்தைத் தோண்டினால் உப்புத்தண்ணீர். அதில் கை கழுவினால் சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீர் தெருமுனைக் குழாயில் வரும். எப்போது வரும் என்று கேட்கக் கூடாது. மூன்று நாளைக்கு ஒரு தடவை வரும், வாரத்துக்கு ஒரு தடவை வரும், விடியலில் வரும், உச்சி வெயிலில் வரும். வருவதற்கு முன்னால் குழாயிலிருந்து முதலில் காற்று சீறும். அந்தச் சீறல் காதில் விழுந்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுத் தெருவே குடத்தோடு ஓடும். முதலில் வைத்த குடத்துக்கு முதலில் தண்ணீர். கடைசிக் குடத்துக்குப் பெரும்பாலும் காற்றுதான். ஓடும் நீரில் கை கழுவுவது என்பதை எங்கள் ஊரில் யாரும் செய்வதில்லை. செம்பில் மொண்டு, வாழைக்கோ முருங்கைக்கோ பாய்கிற மாதிரி நின்றுதான் கழுவுவோம். புத்தகத்தை எழுதினவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள அவர் ஒரு பஸ் ஏறி வந்திருக்கலாம். வரவில்லை.

நான் ஒரு முடிவு எடுத்தேன். ஆய்வன்று மட்டும் லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்புவது. அதுவரைக்கும் கை கழுவும் பயிற்சியைத் தண்ணீர் இல்லாமலே நடத்துவது. தினமும் பிள்ளைகள் வரிசையில் வந்து, குழாயைத் திறக்கிற மாதிரி கையைத் திருப்பி, இல்லாத தண்ணீரில் நனைத்து, இல்லாத சோப்பைத் தேய்த்து, விரல் இடுக்கெல்லாம் உரசி, உதறி, பாவாடையிலோ கால்சட்டையிலோ துடைத்துக்கொண்டு போவார்கள். அவ்வளவு அழகாகச் செய்தார்கள். பள்ளியில் ஆயா வேலை பார்த்த சகாயம் அக்கா, "நிஜத் தண்ணி இருந்தாக்கூட இம்புட்டுச் சுத்தமாக் கழுவாதுக டீச்சர்" என்று பாராட்டினார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆய்வு நாள் வந்தது. கடலில் காற்று பலமாக இருந்ததால் படகு எதுவும் போகவில்லை, நண்டு வரவில்லை, கம்பெனி லீவு. தெருவில் எல்லாப் பெண்களும் வீட்டில் இருந்தார்கள். இதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. விடியலில் லாரியைப் பின்பக்கச் சந்து வழியாக வரச் சொல்லி, சத்தமில்லாமல் தொட்டியை நிரப்பினேன். தெருவில் நல்ல தண்ணீர் வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. அந்தத் தெருவில் இருந்துகொண்டு ஒரு தொட்டித் தண்ணீரை ஒளித்து வைத்தேன், அதுவும் கை கழுவிக் காட்டுவதற்கு. ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்று, அதிகாரி வந்து உட்கார்ந்த பிறகுதான் மாடியில் வால்வைத் திறக்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு உத்தரவும் போட்டிருந்தேன்.

அதிகாரி மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். நல்ல மாதிரியான முகம், தூக்கம் போதாத கண்கள். உள்ளே வந்ததும் நான் கண்ணைக் காட்ட, பிள்ளைகள் சுதந்திர விளையாட்டை ஆரம்பித்தார்கள். ஒருத்தி ஊட்டினாள், ஒருத்தன் அடுக்கினான், சிரிக்கிறவன் சிரித்தான். மேடம் குனிந்து, "என்ன பண்றீங்க குட்டிகளா?" என்று கேட்டார்.

"சுதந்திரமா விளையாடுறோம் மேடம்" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மேடத்தின் பேனா ஒரு நிமிடம் தாளின் மேலேயே நின்றது. நான் அவசரமாக, கை கழுவும் பழக்கத்தைப் பார்க்கலாமா என்று குழாயடிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, மாடியைப் பார்த்து வீட்டுக்காரருக்குச் சைகை காட்டினேன். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கனிஷ்கா முதல் ஆள். ஒத்திகையில் செய்தபடியே குழாயின் மேல் கையை வைத்துத் திருப்பினாள்.

புதுக்குழாய், அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்திராத குழாய். உள்ளே அடைத்திருந்த காற்று சீறிக்கொண்டு வந்தது. தெருமுனைக் குழாய் போடுகிற அதே சத்தம். வரிசையில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரின் கழுத்தும் நிமிர்ந்தது. குழாய் ஒருமுறை இருமியது, துப்பியது, பிறகு கண்ணாடி மாதிரி நல்ல தண்ணீர் கொட்டியது. கனிஷ்கா அதைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. குழாயை இறுக்கி மூடினாள். எங்கள் தெருவில் நடக்கப் பழகிய நாளிலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது ஒன்றே ஒன்றுதான், குழாய் சீறினால் கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடு.

"தண்ணி வந்துருச்சு!"

விசில் ஊதவே இல்லை. அத்தனையும் சின்னக் கதவைத் திறந்துகொண்டு வரிசையாக வெளியே போயின. வேப்பமரத்தடியில் நிற்கவில்லை, அதைத் தாண்டித் தெருவுக்குள் ஓடின. கண்மூடித் திறப்பதற்குள் பள்ளியில் ஒரு பிள்ளை இல்லை. நான் திரும்பி மேடத்தைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் இல்லை. எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டி, வாசலை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டிருந்தார்.

"எங்க வந்துருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

சொல்லிவிட்டுத்தான் தான் யார் என்பது அவருக்கே நினைவு வந்தது. மெதுவாகத் திரும்பிவந்து உட்கார்ந்தார். கீழே பார்த்துக்கொண்டே, "எங்க குவார்ட்டர்ஸ்லயும் நாலு நாளா வரல" என்றார். அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிள்ளைகள் பின்னால் ஓடினேன். பதற்றத்தில் செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால்? நல்லவேளை, எல்லாம் அவரவர் வீட்டு வாசலில் நின்று, பள்ளிக்கூடத்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒருத்தி குடத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். நீலக்குடம், பச்சைக்குடம், சிவப்புக்குடம். குடம் வைக்கிற தள்ளுவண்டிகள் பள்ளியை நோக்கி உருளத் தொடங்கின. ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே நான் திரும்பி ஓடி வந்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய சகாயம் அக்கா எங்கே என்று தேடினால், பள்ளியின் குடத்தையே முதல் குழாயடியில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றிருந்தார்.

குழந்தைகளின் உயரத்தில் வைத்த குழாயின் கீழே குடம் நுழையவில்லை. ஆகவே பிள்ளைகள் செம்பில் பிடித்துக் கொடுக்க, அம்மாக்கள் வாங்கிக் குடத்தில் ஊற்றினார்கள். பிள்ளைகள் பிடித்தார்கள், எண்ணினார்கள், அடுத்த குடம் யாருடையது என்று அவர்களே கூப்பிட்டார்கள். நிறைமாதமாக இருந்த ஒருத்தியின் குடத்தை முன்னால் நகர்த்தி வைத்ததும் ஒரு பிள்ளைதான். மூழ்குகிறவளுக்குத் துரும்பு கிடைத்த கதையாக எனக்குத் திடீரென்று தைரியம் வந்துவிட்டது. மேடத்தின் பக்கத்தில் போய் நின்று, புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, "இது எண்ணிக்கை மேடம், இது நிறங்கள் மேடம், இது தன் முறைக்குக் காத்திருத்தல்" என்று காட்டிக்கொண்டே போனேன். அந்த நேரம் பார்த்துக் கனிஷ்கா, வரிசையில் புகுந்த ஒருவனின் தலையில் செம்பால் ஒன்று போட்டாள்.

"இது?" என்று கேட்டார் மேடம்.

"உணர்ச்சிகளை வெளிப்படுத்துதல்" என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. வகுப்புக்கு வெளியே நடப்பதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை என்று சொன்னார். பொய்யில்லை, தாளைக் காட்டினார், இடம் இல்லைதான். பிள்ளைகள் வகுப்பறையில் நடித்ததை எழுத ஒரு பக்கம் இருந்தது. உண்மையிலேயே செய்ததை எழுத ஒரு வரி இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குள் ஜீப் டிரைவர் இரண்டு காலிக் கேன்களோடு வந்து, "மேடம், நம்மளும் பிடிச்சுக்கிருவமா?" என்று கேட்டார். மேடம் என்னைப் பார்க்காமல், "வரிசையில நில்லுப்பா" என்றார். அவர் நேர்மையானவர், அதை மறைக்க மாட்டேன்.

வரிசை நகர்ந்தது. செல்வி தன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"இம்புட்டுத் தண்ணியை மேல வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே மிஸ்ஸு."

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள். அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். எங்கள் ஊர்ப் பூமி, விழுங்கியிருந்தால் அடியில் உப்புத்தண்ணீர்தான் இருந்திருக்கும், அதற்கும் நான் லாயக்குத்தான். அத்தனை கோபத்தையும் புத்தகத்தின் மேல் போட்டுக்கொண்டு திரிந்தேனே, ஒளித்து வைத்தது நான்தானே? புத்தகத்தை எழுதினவர், தண்ணீரை ஒளித்தவள், இரண்டு பேர் மேலும் கோபமாக இருந்தது. அதில் ஒருத்தி என் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறவள் என்பதுதான் சங்கடம்.

டிரைவரின் இரண்டாவது கேன் பாதி நிறைந்ததும் குழாய் நின்றுவிட்டது. தெரு கலைந்தது. பிள்ளைகள் நனைந்த சட்டையோடு உள்ளே வந்து, கேட்காமலே கையைக் கட்டி உட்கார்ந்தன. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் வேலை முடிய வேண்டும், ஒரு வரி மிச்சம் இருந்தது. "சரி, இப்பக் கை கழுவச் சொல்லுங்க" என்றார்.

தண்ணீர் இல்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். குழாயடியில் வரிசையாக நின்றார்கள். கனிஷ்கா கையைத் திருப்பினாள். இல்லாத தண்ணீரில் நனைத்தாள், இல்லாத சோப்பைத் தேய்த்தாள், விரல் இடுக்குகளை உரசினாள், உதறினாள், பாவாடையில் துடைத்தாள். அடுத்தவன் வந்தான். அவ்வளவு அழகாக அவர்கள் அதற்கு முன்னால் செய்ததே இல்லை. மேடம் அருகில் போய்க் குனிந்தார்.

"தண்ணி எங்கம்மா?"

"தீந்துருச்சு மேடம்" என்றாள் கனிஷ்கா. மேடத்துக்குக் கவலை வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, சேர்த்துச் சொன்னாள். "நாங்க எப்பவும் தண்ணி இல்லாமத்தேன் கழுவுவோம். மிஸ்ஸு சொல்லிக்குடுத்தாக."

மேடம் என்னைப் பார்த்தார். நான் அமைதி மூலையைப் பார்த்தேன். மாடியிலிருந்து வீட்டுக்காரர் இருமுகிற சத்தம் கேட்டது. (அது இருமல் இல்லை என்பது பத்து வருடம் குடும்பம் நடத்தினால் தெரியாதா?)

அறிக்கை சில வாரங்கள் கழித்து வந்தது. சுதந்திர விளையாட்டில் சுதந்திரம் போதவில்லை. அவசர வெளியேற்றம் மிகச் சிறப்பு, இந்த வட்டாரத்திலேயே இவ்வளவு வேகமாக வெளியேறிய பள்ளி இல்லை. கை கழுவும் பழக்கம், தண்ணீர் தீர்ந்துவிட்டதால் மதிப்பிட இயலவில்லை. நாள் முழுவதும் ஓடும் நீர் கிடைப்பதை நிர்வாகி ஆறு மாதத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், அதுவரை தற்காலிக அனுமதி. நிர்வாகி என்றால் நான். இத்தனை அரசாங்கம் வந்து போயும், இத்தனை குழாய் பதித்தும், இத்தனை பேர் தேர்தலுக்குத் தேர்தல் கும்பிட்டுச் சொல்லியும் எங்கள் தெருவுக்கு உறுதிசெய்ய முடியாத தண்ணீரை, ஒரு டிப்ளமாவை வைத்துக்கொண்டு நான் ஆறு மாதத்துக்குள் உறுதிசெய்ய வேண்டுமாம். அந்தத் தாளைச் சுருட்டி எறிந்தேன். பிறகு போய்ப் பொறுக்கி, நீவி, பத்திரப்படுத்தினேன். தற்காலிகமாக இருந்தாலும் அனுமதி அனுமதிதானே?

ஆறு மாதம் முடிவதற்குள் இன்னொரு கூட்டம், இன்னொரு புத்தகம். அட்டையில் வேறு குழந்தை சிரித்தது. எழுதுவதற்கு முன்னோடியாகக் கோடு போடலாம் என்றார்கள். ஓடும் நீர் என்ற வரியைக் காணவில்லை. கை கழுவ ஒரு வாளியும் குவளையும் போதுமாம். வாளியும் குவளையும் பள்ளி ஆரம்பித்த முதல் நாளிலிருந்து என்னிடம் இருந்தன. அவற்றைக் காட்டித்தான் முழு அனுமதி வாங்கினேன். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பஜ்ஜிதான் கொடுத்தார்கள். நான் தொடவில்லை. (சரி, ஒன்றே ஒன்று.)

செல்வியிடம் பேச எனக்குத்தான் தயக்கமாக இருந்தது. முழு அனுமதி கிடைத்த செய்தியைச் சொல்லப் போனேன். நண்டு உடைத்து வெந்துபோன விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிள்ளைகள் கம்பெனி வாசலுக்குப் போக வேண்டியதில்லை என்றதும் முகம் மலர்ந்தது. பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த மேடம் அடுத்து எப்ப மிஸ்ஸு வாராக?"

இனி ஆய்வு இப்போதைக்கு இல்லை, எல்லாம் தேறிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவள் முகம் தொங்கிவிட்டது.

"ஆய்வு என்ன கருமமோ இருந்துட்டுப் போகட்டும். வாரத்துக்கு ஒருக்கா வரச் சொல்லுங்க. அவுக வந்தாத்தேன் நம்ம தெருவுல தண்ணி வருது."

அவள் கேலிக்குச் சொல்லவில்லை, மேடம் வந்தால்தான் நான் லாரித் தண்ணீர் வாங்குவேன் என்பது அவளுக்குத் தெரியும். தெருப் பிள்ளைகளோ லாரியையும் மறந்து, தண்ணீரே மேடத்துடையது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஜீப்பில் வந்த அம்மா தண்ணீரைக் கொண்டுவந்தார், எல்லாருக்கும் கொடுத்தார், மிச்சத்தைத் தான் இரண்டு கேனில் எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான் அவர்களுக்கு நினைவு. தகுதிநிலை, மதிப்பீடு, அனுமதி எதுவும் அந்தத் தெருவில் யார் தலையிலும் தங்கவில்லை. அன்றிலிருந்து தெருமுனைக் குழாய் சீறினால் யாரும் தண்ணீர் வந்துவிட்டது என்று கத்துவதில்லை. "மேடம் வந்துட்டாக" என்றுதான் கத்துகிறார்கள். அந்த மேடத்தைப் பார்த்தே இராத, அப்போது பிறந்தே இராத பிள்ளைகளும் அப்படித்தான் கத்துகின்றன. எங்கள் வீட்டில் சொல்லவே வேண்டாம். நான் புதுப் புத்தகம் எதையாவது விரித்து வைத்துக்கொண்டு, இப்படி எழுதியிருக்கிறார்களே, இவர்களுக்கு மனசாட்சி உண்டா என்று கத்த ஆரம்பித்தால், வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் காதை வைத்து, "டீச்சர், மேடம் வந்துட்டாக" என்பார்.

நிஜமாகவே சொல்கிறாரா, என் வாயை அடைக்கச் சொல்கிறாரா என்று தெரியாது. ஆனாலும் புத்தகத்தைப் போட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது. நின்று கோபப்பட்டால் என் குடம் கடைசியில் போய்விடும்.